நம் வீட்டுத் தண்ணீரும் நாட்டுச் சட்டமும்



"என் வீட்டுத் தொட்டியில் நான் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். அதை எட்டிப் பார்க்கக் கவர்மெண்டுக்கு என்ன வேலை?" சுகாதார இலாகாவினர் லயத்துப் பக்கம் வந்து போகும் நாட்களில் இப்படிக் கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பகல் முழுவதும் மண்டோருக்கும் கிராணிக்கும் பதில் சொல்லி வருகிற மனிதன், தன் வாசற்படியைத் தாண்டிய பிறகாவது யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க விரும்புவது இயற்கைதானே?

ஆனால் ஏடிஸ் கொசு வாசற்படியைப் பார்ப்பதில்லை. 1973, 1974 ஆண்டுகளில் நம் நாட்டில் டிங்கிக் காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கொண்டு போயிற்று. அதனை அடுத்து, 1975இல், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் வந்தது. வீட்டுக்குள் வந்து சோதிக்கவும், கொசுப்புழு இருந்தால் வழக்குத் தொடரவும் அதிகாரிகளுக்கு உரிமை கொடுத்தது அந்தச் சட்டமே.

ஒருவர் அளவுக்கு மீறி இனிப்புச் சாப்பிட்டால் கேடு பெரும்பாலும் அவருக்குத்தான். அவர் வீட்டுத் தொட்டியில் கொசு வளர்ந்தாலோ, அடுத்த வீட்டுக் குழந்தை காய்ச்சலில் படுக்கிறது. அந்தக் குழந்தையைக் கேட்டா நாம் தொட்டியைத் திறந்து வைத்தோம்?

இந்தக் கொசுவின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். இதற்குச் சாக்கடை வேண்டாம். தெளிந்த தண்ணீரே பிடிக்கும். தொட்டி, பூச்சாடித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பால் வெட்டும் தோட்டமானால் கவிழ்க்காமல் விட்ட மங்கு, எதுவும் போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். முட்டையோ காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை என்பது கணக்கு. புகை அடிப்பதைக் கண்டு பலர் நிம்மதி அடைகிறார்கள். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது.

இதைவிடப் பழைய கதையும் தோட்டத்து மக்களுக்கு உண்டு. நம் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாவால் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். அது வேறு இனக் கொசு. 1901இல் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கச் செய்தார். அங்கே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. தனி ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தச் சதுப்பு வற்றியிருக்குமா?

சட்டம் தொழிலாளியின் தொட்டியோடு நின்றுவிட்டால் அதை நியாயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வருமானால் யார்தான் தொட்டியிலும் வாளியிலும் பிடித்து வைக்கப் போகிறார்கள்? 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், தோட்டத்து வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீர் கொடுப்பதையும் வீடுகளைப் பழுதுபார்ப்பதையும் முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிர்வாகத்தையும் கட்டுப்படுத்துகிறது என்பதை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

அதிகாரி வந்தால் அடையாள அட்டையை மரியாதையாகக் கேளுங்கள்; கேட்பதில் குற்றமில்லை. பிறகு உள்ளே விடுங்கள். குழாய் வறண்டு கிடக்கும் லயங்களில், எந்தெந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை என்று குறித்து வைத்து, முதலில் நிர்வாகத்திடமும், அங்கே நடவடிக்கை இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவிடமும் கொடுங்கள். மனு எழுதச் சிரமப்படுபவர்கள் பள்ளி விட்ட பிறகு தங்கள் தோட்டத்து ஆசிரியரிடம் வரலாம். எழுதிக் கொடுப்போம்.