சின்னப் பிள்ளைக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம்



காலையில் மலைக்குப் போகிற அவசரத்தில் நாம் பிள்ளையின் கையில் ரொட்டியும் பிளேன்டீயும் கொடுத்துவிட்டு ஓடுகிறோம். வயிறு நிறையும்; ஆனால் இரத்தம் ஊறாது. தேயிலைச் சாயம் கீரை, பருப்பு போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்துபோகும். பாடத்தில் மனம் நிற்காது.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. ரொட்டிக்கு மா பிசையும்போது ஒரு பிடி கீரையை அரிந்து போடுங்கள். பருப்பு, கௌபி, நெத்தலி ஏதாவது ஒன்று சேரட்டும். கூடவே ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். குடிக்கக் கொதித்தாறிய தண்ணி போதும். கிளினிக்கில் பிள்ளைக்கென்று தரும் திரிபோஷாவை வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைக்காதீர்கள்.

நல்ல பழக்கத்தை அடித்துப் பழக்க முடியாது. தகப்பன் கீரையை ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்கும். லயத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் கையாலேயே வல்லாரை நடச் சொல்லுங்கள்; தான் நட்டதை ஆசையாய்ச் சாப்பிடும். பிள்ளைக் காம்பராவிலும் வீட்டிலும் ஒரே பழக்கமாக இருக்கட்டும்.

இன்று இராச்சாப்பாட்டிலிருந்தே தொடங்குவோம்.