அறிவியல் நிலையத்தில் பாட்டிக்கும் இடமுண்டு

(பிடோக்கில் நடைபெற்ற நன்கொடையாளர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம் துணைப்பாட வகுப்புப் பிள்ளைகளை ஜூரோங்கிலுள்ள அறிவியல் நிலையத்திற்கு அழைத்துச் செல்லும் பேருந்துச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். பேருந்தில் 40 இருக்கைகள். நாற்பதும் பிள்ளைகளுக்கே என்பது குழுவின் யோசனை. அதில் ஒரு திருத்தம் கேட்கத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். பாதி இருக்கைகளைப் பாட்டிமார்களுக்கும் தாத்தாமார்களுக்கும் கொடுங்கள். பாதி முடியாதென்றால் பத்தாவது கொடுங்கள்.

"அவர்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று குழுவில் ஓர் அன்பர் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான், அதுவும் என்னைப் பெற்ற தாயிடமே.

முன்பெல்லாம் நம் ஊரில் அறிவியல் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டாம்ஃபர்ட் சாலை அரும்பொருளகம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த விலங்குகள், தலைக்கு மேல் தொங்கிய திமிங்கல எலும்புக்கூடு. எல்லாம் பார்க்கத்தான், தொடக்கூடாது. பிறகு அரும்பொருளகம் வரலாற்றுக்கும் கலைக்கும் என்றாகி, அறிவியலுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. அந்தத் திமிங்கலத்தை 1974-இல் கோலாலம்பூருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1977 டிசம்பர் 10-ஆம் நாள் ஜூரோங்கில் அறிவியல் நிலையம் திறக்கப்பட்டது. "தொடாதே" என்ற பலகை போய், "திருப்பு, இழு, அழுத்து" என்று சொல்லும் கூடம் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, அப்பா எங்களை அங்கே அழைத்துப் போனார். அப்போது பெருவிரைவு ரயில் கிடையாது. பிடோக்கிலிருந்து பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பகல் போய்விடும். நாங்கள் கம்பத்து வீட்டை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கம்பத்தில் அம்மா நாற்பது, ஐம்பது கோழிகள் வளர்த்தவர். மாடி வீட்டில் கோழிக்கு இடமேது? வீடு மாறுவதற்கு முன் எல்லாவற்றையும் விற்றோம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழும் கூட்டித்தான் படிப்பார். "அங்கே உங்களுக்கு என்னம்மா புரியப் போகிறது? வெளியே பெஞ்சியில் உட்காருங்களேன்" என்று நான் சொன்னேன். அப்பா என்னை முறைத்தார். அம்மா பேசாமல் பின்னால் வந்தார்.

உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டைகளை இளஞ்சூட்டில் வைத்திருந்தார்கள். ஒரு முட்டையில் விரிசல் விழுந்து, சிறிய அலகு தெரிந்தது. அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பக்கத்தில் பேரனோடு நின்ற ஒரு சீனப் பாட்டியும் நகரவில்லை. பொது மொழி மலாய்தானே! "துவா புலோ சத்து ஹாரி" என்று அம்மா ஆரம்பித்தார். இருபத்தொரு நாள் கணக்கு. அந்த அம்மையாரும் தலையாட்டினார். பிறகு இரண்டு பேரும் பேசிய பேச்சு இருக்கிறதே! கோழி அடைகாக்கும்போது முட்டையைப் புரட்டிவிடும், புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். விளக்குக்கு எதிரே முட்டையைப் பிடித்தால் கூமுட்டை எது, கருக்கூடியது எது என்று தெரியும். அடைக்கு எத்தனை முட்டை வைப்பது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சுற்றிலும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். குஞ்சு வெளியே வரத் திணறுவதைப் பார்த்த ஒரு சிறுமி, "யாராவது ஓட்டைப் பிய்த்துவிடக்கூடாதா?" என்று கேட்டாள். யாரோ அதை மலாயில் சொல்ல, அம்மா வேகமாகக் கையை அசைத்தார். "கை வைத்தால் செத்துப்போகும். அதுவாகத்தான் வரவேண்டும்."

பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகுதான் அதன் காரணம் எனக்குத் தெரிந்தது. ஓட்டின் உட்புறச் சவ்வில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவை வற்றி, மீதி மஞ்சள் கருவும் குஞ்சின் வயிற்றுக்குள் போகும் முன் ஓட்டைப் பிய்த்தால், இரத்தம் கசிந்து குஞ்சு சாகும். அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? அம்மாவின் உரத்த பேச்சுக்கு வெட்கப்பட்டு, நான்கு தப்படி தள்ளி, வேறு யாரோ பிள்ளை போல நின்றேன். குஞ்சு வெளியே வந்ததை நான் சரியாகப் பார்க்கவும் இல்லை. அம்மா இன்று இல்லை.

இப்படிப்பட்ட கூடங்களுக்கு உலகெங்கும் முன்மாதிரியாக இருப்பது 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்'. தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்திற்குத் தலைமை தாங்கியவரின் தம்பி. அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்து, சில காலம் மாட்டுப் பண்ணை நடத்தி, பிறகு உயர்நிலைப் பள்ளியில் பாடம் சொன்னவர். அருங்காட்சியகத்தில் எவரும் தேர்வில் தோற்பதில்லை என்ற பொருளில் அவர் சொல்வதுண்டு. தன் கூடத்தில் விளக்கம் சொல்லப் பள்ளி மாணவர்களையே நிறுத்தினார். எல்லாம் தெரிந்தவர் பேசினால் கேட்பவர் வாயடைத்துப் போவார். பக்கத்தில் நிற்பவர் பேசினால் பதிலுக்குப் பேசத் தோன்றும். அம்மாவும் சீனப் பாட்டியும் அன்று சம்பளமில்லாத விளக்குநர்களாகத்தான் நின்றார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கைக்கு வேலை கொடுத்த மாத்திரத்தில் அறிவு வந்துவிடாது. பொத்தானை அழுத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று பாராமலே அடுத்ததற்கு ஓடும் பிள்ளைகளை எத்தனையோ முறை மேய்த்திருக்கிறேன். பெரிய காட்சிகளும் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே தீச்சுழல் பார்த்தோம். சாதாரணமாக எரிந்துகொண்டிருந்த தீ, சுற்றிலும் காற்று சுழலத் தொடங்கியதும் மெலிந்து, உயர்ந்து, ஒரு தூணாக நின்றது. பிள்ளைகள் கைதட்டிவிட்டுக் கிளம்பினார்கள். எங்களோடு வந்த ஒரு தாத்தா மட்டும், "கம்பத்தில் குப்பை கொளுத்தும்போது குட்டியாக இப்படிச் சுற்றுமே, அதுதானே இது?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் திரும்பி வந்து காரணம் கேட்டார்கள். அரை மணி நேரம் அங்கேயே போயிற்று. பார்க்காமல் விட்டவை நிறைய, எனக்கு வருத்தமில்லை.

ஆகவே குழுவினருக்கு என் விண்ணப்பம்: ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று சேர்த்து அனுப்புங்கள். எல்லாக் கூடங்களையும் சுற்றிவர வேண்டுமென்ற கட்டாயம் வேண்டாம். முட்டி வலிக்காரர்கள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். பிள்ளைகள் அவர்களோடு நிற்கட்டும். இப்போது பிடோக்கிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வரை ஒரே ரயில்தான். பேருந்தில் இடம் போதாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் ரயிலில் வந்து சேர்ந்துகொள்கிறோம்.

வர விரும்பும் பெரியவர்கள் வாசலருகே மேசையில் இன்றே பெயர் கொடுக்கலாம். கம்பத்தில் கோழி வளர்த்தவர்களுக்கு முன்னுரிமை என்று நான் அறிவித்தால் குழு கோபித்துக்கொள்ளும். ஆகவே அறிவிக்கவில்லை.