ஆய்வுப் பயணமும் பேராசிரியரும்

ஹைதராபாத் நகரத்திற்கு வடமேற்கே, மும்பை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர் பட்டான்செரு. 1972இல் நிறுவப்பெற்ற இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம், இங்கே சுமார் 1,400 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ளது. சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகிய மானாவாரிப் பயிர்களுக்கு உலகளாவிய களமாக விளங்கும் இந்நிலையத்திற்கு அயல்நாட்டு மாணவர் குழுக்கள் வருவது இயல்பே. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நடத்திய பாடம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. முதற் பருவத்தில் வகுப்பறைப் பாடம், ஜனவரியில் ஏறத்தாழ இரு வாரப் பயணம், திரும்பிய பின் ஆய்வறிக்கை என்பது அதன் அமைப்பு. இந்திய வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்களும் அப்பயணத்தில் உடன் சென்றனர்.

இரு வாரங்களில் என்ன கற்க முடியும்? இக்கேள்வியை எழுப்பாத பயணம், அரசுச் செலவிலாயினும் பெற்றோர் செலவிலாயினும், உல்லாசப் பயணமே.

இக்ரிசாட் வளாகத்தின் கரிசல் நிலத்தில் 1976 முதல் நடைபெற்று வரும் நீர்ப்பிடிப்புப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். அகலப் பாத்தியும் வாய்க்காலும் அமைத்து, மழைக்காலத்திலேயே பயிரிட்ட நிலம் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 5 டன் அளவில் தானியம் தந்தது. வழக்கமான முறையில் கிடைத்தது ஏறத்தாழ 1 டன். இந்த எண்களைக் குறித்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுவது எளிது. அவ்வளவு விளைச்சல் தந்த முறையை உழவர்கள் ஏன் முழுமையாக ஏற்கவில்லை என்று கேட்க வைப்பதே பேராசிரியரின் வேலை. மழை பெய்தால் கரிசல் மண் காலில் ஒட்டும், ஏர் இறங்காது. மழை பொய்த்தால் விதையும் உரமும் நட்டம். கடன் வாங்கி அந்த ஆபத்தை ஏற்பவர் யார்? மழைக்காலத்தில் தரிசாக விட்டுப் பின்னர் விதைப்பது அறியாமையன்று, கணக்கு. வயலில் நிற்கும்போது மாணவனுக்கு இது தானாகத் தோன்றுவதில்லை.

இதே நிலையத்தின் பொருளியல் அறிஞர்கள் வேறொரு வழியைக் காட்டியுள்ளனர். 1975இல் மகபூப்நகர், ஷோலாப்பூர், அகோலா மாவட்டங்களில் ஆறு கிராமங்களைத் தேர்ந்து, ஆய்வாளர்களை அங்கேயே குடியிருக்கச் செய்து, குடும்பங்களின் வரவு, செலவு, உழைப்பு, கடன் யாவற்றையும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தனர். அதன் பயனாக வாக்கரும் ரையனும் எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. பயணத்திற்கு முன் அப்பதிவுகளைப் படித்து வந்த மாணவன் ஒரே நாளில் ஒரு கேள்வியேனும் உருப்படியாகக் கேட்பான். படிக்காதவனுக்கு ஆறு கிராமங்களும் ஒன்றே.

உடன் வரும் இந்திய மாணவரின் நிலையும் சிந்திக்கத்தக்கது. அவரை மொழிபெயர்ப்பாளராக்கிவிடும் வழக்கம் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து வந்தவருக்குத் தெலுங்குக் கிராமம் ஏறக்குறைய அயல்நாடுதான்! அவரும் கற்க வந்தவரே என்பதை, குழுவை நடத்துபவர் மறத்தல் ஆகாது. அவருடைய பெயரும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். அவர் கார்னெலுக்குச் செல்லும் வாய்ப்பும் பயணத் திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

நிலையத்தின் வாயிலுக்கு வெளியே இன்னொரு பாடம் உள்ளது. பட்டான்செரு தொழிற்பேட்டையின் கழிவுநீர் பற்றிய வழக்கு 1990இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் மிக அதிக அளவில் இருந்ததை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டனர். பரிசோதனை வயலைக் காட்டும் பேராசிரியர், அந்நீர் கலந்த ஓடைக்கரை உழவரிடமும் மாணவரை ஒரு பிற்பகல் அழைத்துச் செல்லலாம். வளாகத்திலிருந்து அது தொலைவில் இல்லை.