ஆடும் பிள்ளையும் வளரும் உடலும்



"நிமிர்ந்து நில்" என்று நாம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்லுகின்றோம். நிமிர்ந்து நிற்பதற்கு வேண்டிய வலிமையை அவர்களுடைய முதுகுக்கும் காலுக்கும் எவ்வாறு ஊட்டுவது என்று எண்ணுவோர் நம்மிற் சிலரே. காலையிலே பாடசாலை வாங்கு. மாலையிலே தனியார் வகுப்பு வாங்கு. இரவிலே வீட்டுவேலை, அது முடிந்தாற் கைத்தொலைபேசி. இவ்வாறு ஒரு நாளின் பெரும் பகுதியைப் பிள்ளைகள் இருந்தபடியே கழிக்கின்றனர். 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்குதல் வேண்டும் என்றும், தசைக்கும் எலும்புக்கும் உரம் தரும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளேனும் செய்தல் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. அந்த 60 நிமிடத்தை நமது பிள்ளைகள் எங்கே தேடுவர்?

பந்தும் மைதானமும் எல்லாப் பாடசாலைகளுக்கும் வாய்ப்பதில்லை. ஓட்டத்தில் வல்ல பிள்ளை ஓடுகின்றது. வல்லமை இல்லாத பிள்ளை ஓரத்தில் நின்று கைதட்டுகின்றது. ஆனால், செலவு மிகக் குறைந்ததும் சிறு முற்றமே போதுமானதுமாகிய ஒரு தேகாப்பியாசம் நம்மிடம் பரம்பரையாக இருந்து வருகின்றது. கும்மி, கோலாட்டம், வசந்தன், கூத்து என்னும் நமது ஆட்டங்களையே குறிப்பிடுகின்றேன்.

கும்மியை எடுத்துக்கொள்வோம். வட்டமாக நின்று, குனிந்து கைகொட்டி, நிமிர்ந்து கைகொட்டி, அடி பெயர்த்துச் சுற்றி வருவதே அதன் இலக்கணம். குனிந்து நிமிரும்போது முதுகும் இடுப்பும் இயங்குகின்றன. தாளம் விரைய விரைய மூச்சும் விரைகின்றது. ஆறு வயதுக் குழந்தையும் அரை மணி நேரத்தில் இதனைக் கற்றுக்கொள்ளும்.

கோலாட்டம் அதற்கு அடுத்த படி. இரு கைகளிலும் கோல் ஏந்தி, எதிரே நிற்பவரின் கோலைத் தட்டி, உடலைத் திருப்பி, அடுத்தவரின் கோலைத் தட்டுதல் வேண்டும். கண் பார்க்க, காது தாளத்தைக் கேட்க, கையும் காலும் ஒருமிக்க இயங்குதல் வேண்டும். ஒருவர் பிந்தினால் வட்டம் முழுவதும் குழம்பும். ஆதலால், பிறருக்காகக் கவனமாய் இருக்கும் பழக்கத்தையும் பிள்ளைகள் இதிலே பெறுகின்றனர்.

மட்டக்களப்புப் பகுதியிலே கண்ணகியம்மன் சடங்குக் காலத்தை ஒட்டி ஆடப்பட்டு வந்த வசந்தன், கோலாட்டத்தினும் விறுவிறுப்பு மிக்கது. உழவும் அறுவடையும் அதன் பாடல்களிலே இடம்பெறும். அப்பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940 ஆம் ஆண்டிலே 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்னும் நூலாக வெளியிட்டமையால், அவை அழியாது நமக்குக் கிடைத்தன.

வடமோடிக் கூத்தோ முதிர்ந்த உடற்பயிற்சி என்றே சொல்லத்தகும். அண்ணாவியார் மத்தளத்தை முழக்கித் தாளக்கட்டைச் சொல்ல, ஆடுவோர் களரியைச் சுற்றி ஆடி வருவர். பாத்திரத்துக்குரியவர் ஓர் அடியைப் பாடுவார். பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடும்போது அவர் வேகமாக ஆடுவார். பாடும்போது சிறிது ஆறுதல், ஆடும்போது கடும் உழைப்பு என்று இரண்டும் மாறி மாறி வரும் முறையை நம் முன்னோர் எவ்வளவு இயல்பாக அமைத்துள்ளனர் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், பரிசளிப்பு விழாவுக்கென ஒரு கோலாட்டம் பழக்கினோம். வகுப்பிலே முப்பத்துநான்கு பிள்ளைகள். மேடையின் அளவு கருதிப் பன்னிருவரைத் தெரிந்தெடுத்தோம். உடல் சற்றுப் பருத்த சிறுமி ஒருத்தி, "நான் பார்த்துப் பழகிவிட்டேன், சேர்" என்று என்னிடம் வந்தாள். "அடுத்த வருஷம் பார்ப்போம், பிள்ளை" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் பாடசாலைக் கட்டடத்தின் பின்புறத்திலே, இரண்டு பூவரசங் கம்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே ஒருவரும் இல்லாமல் அவள் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஓர் அடியும் பிசகவில்லை. வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டம் எவருக்கு மிக வேண்டியதோ, அவரையே நான் விலக்கியிருந்தேன்.

அன்று தொட்டு என் கருத்து இதுதான்: ஆட்டம் முதலில் உடலுக்கு உரியது, பின்னரே மேடைக்கு உரியது. பன்னிருவர் ஆட இருபத்திருவர் பார்த்திருப்பது கலைவிழாவுக்குப் பொருந்தலாம், கல்விக்குப் பொருந்தாது. இப்பொழுது எங்கள் பாடசாலையில் வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம், எல்லாப் பிள்ளைகளும் ஆடுகின்றனர். உடையலங்காரம் இல்லை, சதங்கை இல்லை, பரிசும் இல்லை. வகுப்பில் ஒரு பாதி பாட, மறு பாதி ஆடும், பின்னர் மாறிக்கொள்ளும். அந்தச் சிறுமி இப்பொழுது சிறுவகுப்பினருக்குக் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுக்கின்றாள்.

இதனைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள் கூறுவேன். ஆட்டத்தை எப்பொழுதும் மெதுவான நடையிலே தொடங்கி, படிப்படியாக விரைவுபடுத்தி, மெதுவாகவே முடித்தல் வேண்டும். வெறுங்காலுடன் சீமெந்துத் தரையில் ஓங்கி மிதிப்பது குதிக்கும் முழங்காலுக்கும் நல்லதன்று. மணல் முற்றமோ மண் தரையோ சிறந்தது. பரதநாட்டியத்திலே அரைமண்டியில் நிற்கும்போது, கால்கள் இடுப்பிலிருந்தே வெளிப்புறம் திரும்புதல் வேண்டும். முழங்காலை வலிந்து திருப்புதல் கூடாது. வலிக்கின்றது என்று பிள்ளை சொன்னால் உடனே நிறுத்துங்கள். உணவு உண்டவுடன் ஆடவிடாதீர்கள். அருந்தத் தண்ணீர் வைத்திருங்கள். பயிற்சி போதுமா என்பதை அறியவும் ஓர் எளிய வழி உண்டு. ஆடும் பிள்ளைக்குப் பேச முடிந்து, பாட முடியாவிட்டால், அது மிதமான பயிற்சி. நாலு சொல்லுக்கு மேற் பேச முடியாது மூச்சு வாங்கினால், அது கடும் பயிற்சி.

"ஆட்டம் பெண்பிள்ளைகளுக்கு உரியதன்றோ?" என்று தந்தையர் சிலர் என்னிடம் வினவியதுண்டு. கூத்துக் களரியிலே பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்று ஆடி வந்தனர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் இரவிலே கூத்துப் பழகினார்கள். "படித்தவர்களுக்கு இது எதற்கு?" என்று கேட்போரும் உளர். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மேடையேற்றி, அவ்வினாவுக்கு விடை கூறிவிட்டார். நம் சகோதர இனத்தவரும் கண்டிய நடனத்தைக் கற்பிக்கும்போது, 'பா சரம்ப' என்னும் காற்பயிற்சிகளையே முதலிற் பழக்குகின்றனர். உடலைப் பண்படுத்திய பின்னரே கலை என்பது இத்தீவின் இரு மரபுகளுக்கும் பொதுவான பாடமாகும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகின்றது என்று பிள்ளையின் ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் தாயாரோ பாட்டியாரோ பாடிய கும்மிப் பாட்டு ஒன்றேனும் உங்கள் நினைவில் இருக்கும். இன்று மாலை, வெயில் தணிந்த பின், முற்றத்திலே அதனைப் பாடிப் பாருங்கள். பிள்ளை தானே எழுந்து வரும். நீங்களும் அதனோடு சேர்ந்து கைகொட்டுங்கள். உங்கள் முதுகுக்கும் அது நன்மையே செய்யும்.