பத்திரம் எந்த ஆண்டில் தொடங்குகிறது?

(சட்ட மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சொத்துச் சட்டத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் வழிகாட்டிப் புத்தகங்களில் இருக்கின்றன. பஞ்சமி நிலம் குறித்து நான் எழுதிவரும் கட்டுரையை வைத்து ஒன்றை மட்டும் கேட்கிறேன். கட்டுரையை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

இன்று ஒருவர் மனை வாங்கினால் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போடுவார், தாய்ப் பத்திரம் கேட்பார். எல்லாம் சுத்தமாக இருக்கும். பஞ்சமி நிலம் பல ஊர்களில் கைமாறியது அதற்கும் முன்னால். பதிவு அலுவலகம் பதிவது பத்திரத்தை. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. செல்லாத ஒரு விற்பனையின் மேல் நாலு பத்திரங்கள் ஏறிவிட்டால், ஐந்தாவதாக வாங்குகிறவர் அப்பாவி ஆகிவிடுகிறார். கடைசிப் பத்திரத்திலிருந்து தொடங்கும் கட்டுரை அந்த அப்பாவியின் கட்டுரையாகத்தான் முடியும்.

நான் 1891-இல் தொடங்குகிறேன். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் அந்த ஆண்டு பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை அளித்தார். தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடியிருக்கும் மனைகூட அவர் தயவில். இதை அவர் அரசுக்கு எழுதினார். 1892-இல் நிலம் வழங்க ஆணை வந்தது. நிபந்தனை இதுதான்: முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். (12 லட்சம் ஏக்கர் என்று மேடைகளில் சொல்கிறோம். கட்டுரையில் எழுதுவதானால் ஊர் ஊராகப் பதிவேட்டைக் கூட்டிக் காட்ட வேண்டும்.)

ஓர் ஆய்விதழின் மதிப்பீட்டாளர், “இது சமூகவியல், சட்டம் அல்ல” என்று எழுதியனுப்பினார். நிலம் வழங்கிய ஆணையிலேயே இருக்கும் நிபந்தனை சட்டம் இல்லையென்றால் வேறு எது சட்டம்?

எதிர்த்தரப்பு வாதமும் சட்டத்திலிருந்துதான் வருகிறது. சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 10: சொத்தைப் பெற்றவர் அதை மாற்றவே கூடாது என முற்றாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. இதைப் படித்தவுடன் பஞ்சமி நிபந்தனை விழுந்துவிட்டதாகப் பல மாணவர்கள் நினைக்கிறார்கள். 1895-இன் கிரவுன் கிராண்ட்ஸ் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். அரசு வழங்கும் நிலத்துக்குச் சொத்து மாற்றுச் சட்டம் பொருந்தாது, வழங்கிய ஆணையின் வாசகப்படியே நடக்கும் என்கிறது அது. முன்பே வழங்கப்பட்ட நிலங்களையும் சேர்த்தே சொல்கிறது. இச்சட்டம் அண்மையில் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் நம் வழக்குகள் பெரும்பாலும் அது நடைமுறையில் இருந்த காலத்துக் கைமாற்றங்களைப் பற்றியவை.

அப்படியானால் ஏன் நிலம் திரும்பவில்லை? ஆதாரம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். 1980-இல் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்படும்வரை ஊர்க் கணக்கு கர்ணத்திடம் இருந்தது. சேரிக்காரருக்கு எதிராக நிலத்தை அனுபவித்தவரும் கணக்கு எழுதியவரும் பல ஊர்களில் ஒரே சாதி, சில ஊர்களில் ஒரே வீடு. பழைய பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் ‘டி.சி.’ என்று இரண்டு எழுத்து இருக்கும். 1980-களின் யூ.டி.ஆர். திட்டத்தில் கணக்கைப் புதிதாக எழுதியபோது அந்த எழுத்து விடுபட்டுப்போனது என்ற புகார் இல்லாத வட்டம் குறைவு. இப்போது நிலத்தை இழந்தவரைப் பார்த்து நீதிமன்றம் ஆவணம் கேட்கிறது.

கர்நாடகம் 1978-இல் இதற்கெனத் தனிச்சட்டம் போட்டது. 1984-இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2017-இல் நெக்கந்தி ராமலட்சுமி வழக்கில் அதே நீதிமன்றம், சட்டத்தில் காலவரம்பு இல்லாவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றது. ஒடுக்கப்பட்டவர் தாமதமாக வந்தார் என்பதே நிலம் பறித்தவருக்குப் பாதுகாப்பானது. 2023-இல் அம்மாநில அரசு, காலவரம்பே கிடையாது என்று திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலோ அரசாணைகளையும் வருவாய் நிலை ஆணைகளையும் வைத்தே மல்லுக்கட்டுகிறோம். பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்ட மாநிலம் இது. சமூக நீதி பேசும் கட்சிகள் மாறி மாறி ஆண்டும் கர்நாடகத்தைப் போல ஒரு தனிச்சட்டம் இங்கே வரவில்லை. என் கட்டுரை முன்வைக்கும் கோரிக்கை அதுதான்.

நீங்கள் எழுதப் போகிறவர்கள் மாநிலம் முழுக்கப் போக வேண்டாம். ஒரு கிராமம், ஒரு சர்வே எண் போதும். யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டையும் பிந்தையதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய எண் எந்தப் புதிய எண்ணாக மாறியது என்ற ஒப்பீட்டுப் பட்டியலைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் அதைத் தரமாட்டார்கள்.