சரிவு நிலத்தில் டிராக்டர்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவரிற் பலர் மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உடையவர்கள். மழைக்குப்பின் மரங்களினிடையே வளரும் புல்லை முன்னாளில் ஆட்கள் அரிவாளால் அறுத்தனர். இந்நாளிலோ டிராக்டரின் பின்னே புல்வெட்டும் இயந்திரத்தைப் பூட்டி வெட்டுகின்றனர். வேலை விரைவில் முடிகின்றதென்பது மெய்யே. ஆயினும் சமநிலத்தில் நல்ல ஊழியனாயிருப்பது சரிவில் யமனாக மாறக்கூடும்.

“எங்கள் பையன் கைதேர்ந்தவன்; ஒன்றும் நேராது” என்பார் உளர். கவிழ்தல் கைத்திறத்தைப் பொறுத்ததன்று, பாரத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு பொருளுக்கும் பாரமையம் ஒன்றுண்டு. அதனின்று நேர்கீழே இறங்கும் கோடு சக்கரங்கள் ஊன்றிய எல்லைக்குள் விழுமளவும் வண்டி நிற்கும். எல்லை கடந்தாற் சாயும். டிராக்டருக்கு அம்மையம் உயரத்திலுள்ளது. சரிவின் குறுக்கே செல்லுகையில் மேற்புறச் சக்கரம் கல்லில் ஏறினாலும், கீழ்ப்புறச் சக்கரம் குழியில் இறங்கினாலும் வண்டி கவிழ ஏதுவாகும். திரும்பும்போது வேகம் இருமடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். பின்புறமாகக் கவிழ்தலோ ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். குதித்துத் தப்ப அவகாசம் ஏது?

ஆகவே வண்டியில் ஏறுமுன்னரே ஜாக்கிரதை வேண்டும். புல் மறைத்திருக்கும் குழி, கறையான் புற்று, கல், அடிக்கட்டை ஆகியவற்றை நடந்து பார்த்து அடையாளமிடுக. பனியும் மழையீரமும் உலருமளவும் பொறுத்திருக்க. ஈரப்புல்லிற் சக்கரம் வழுக்கும். இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டுக. குறுக்கே ஓட்டாது, மேலுங் கீழுமாக ஓட்டுக. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காதபடி பின்னோக்கியே ஏறுக. இறக்கத்தில் முன்னதாகவே தாழ்ந்த கியரிடுக. நடுவிற் கிளச்சை மிதித்தலும் நியூட்ரலிற் போடுதலும் ஆகா. புல்வெட்டியைத் தாழ்வாகவே வைத்திடுக. நடக்கவே கால் தடுமாறும் இடம் அரிவாளுக்குரியது, டிராக்டருக்குரியதன்று.

இனி, கவிழ்ந்தாலும் உயிர் காப்பதொன்றுண்டு. ஓட்டுவோன் இருக்கையைச் சூழ நிறுத்தும் உறுதியான இரும்புக் காப்பு வளைவே அது. ஸ்வீடன் தேசத்தார் 1959-ஆம் ஆண்டு முதல் புதிய டிராக்டர்களுக்கு இதனைக் கட்டாயமாக்கினர். பின்னர்ப் பழைய வண்டிகளுக்கும் விரித்தனர். அங்கே கவிழ்ந்து மாண்டோர் தொகை பெரிதுங் குறைந்தது. வளைவுள்ள வண்டியில் சீட் பெல்ட் அணிதல் அவசியம். அணியாதவன் வெளியே எறியப்பட்டு அவ்வளைவின் கீழேயே நசுங்க நேரும். வளைவில்லாத வண்டியிலோ பெல்ட் அணிதல் தகாது. அது வண்டியோடு அவனைப் பிணித்துவிடும். அத்தகைய வண்டியைச் சரிவுக்கு அனுப்பாதிருத்தலே உத்தமம்.

தாய்மார்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மட்கார்டின்மேல் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் மிகுதி. காப்பு வளைவும் பெல்ட்டும் ஓட்டுவோன் ஒருவனுக்கே. மட்கார்டில் இருப்போருக்கு யாதொரு காப்புமில்லை. அழுது பிடிவாதம் செய்தாலும் இறக்கிவிடுங்கள்.

கலியாணத்துக்கும் கல்விக்கும் பொருள் சேர்க்கும் நாம், ஒரு காப்பு வளைவுக்குச் செலவிடத் தயங்கலாகாது. புல் மறுமழைக்கும் முளைக்கும். போன உயிர் மீளாது. இதனை இன்றே உங்கள் இல்லத்து வாலிபர்களுக்கு எடுத்துரைக்குமாறு வேண்டி என் உரையை முடிக்கின்றேன்.