காட்டில் தனிமையும் கூட்டமும்

கூடி வாழ்வதும் விலகி வாழ்வதும் காட்டு விலங்குகளுக்குப் பிறவிக் குணமாக மட்டும் அமைவதில்லை. பருவம், வயது, இரை, ஆபத்து ஆகியவற்றுக்கு ஏற்ப ஒரே விலங்கு இரண்டையும் மாறி மாறி மேற்கொள்கிறது. தமிழ்நாட்டை ஒட்டிய இடுக்கி, பாலக்காடு மாவட்டக் காடுகளில் இதைத் தெளிவாகக் காணலாம்.

ஆனைமுடியைச் சுற்றி 97 சதுர கிலோமீட்டரில் விரிந்துள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகளின் பெரிய புகலிடம். அங்கே பெண் ஆடுகளும் குட்டிகளும் ஆண்டு முழுவதும் மந்தையாகவே மேய்கின்றன. ஓரிரு ஆடுகள் பாறைமேல் நின்று காவல் பார்க்க, மற்றவை நிம்மதியாகப் புல் தின்கின்றன. சிறுத்தை தென்பட்டால் சீழ்க்கை ஒலி எழும். மந்தை செங்குத்துச் சரிவில் இறங்கிவிடும். முதுகில் வெள்ளித் திட்டு விழுந்த முதிர்ந்த கடாக்களின் வழக்கம் வேறு. ஆண்டின் பெரும்பகுதி அவை தனியாகவோ ஓரிரு கடாக்களோடோ ஒதுங்கி மேய்ந்துவிட்டு, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மந்தையைத் தேடி வருகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம் என்பதால், ஜனவரி, பிப்ரவரியில்தான் குட்டிகள் அதிகம் பிறக்கின்றன. அந்தப் பருவத்தில் பூங்காவின் ராஜமலைப் பகுதிக்குப் பார்வையாளர்கள் வருவதை வனத்துறை நிறுத்திவைக்கிறது. ஈன்ற தாய்க்கு மந்தையின் துணையும் மனித நடமாட்டமற்ற அமைதியும் சேர்ந்தே தேவை என்பதை உணர்ந்த நல்ல ஏற்பாடு இது.

பாலக்காட்டின் பரம்பிக்குளத்தில் செந்நாய்கள் கூட்டமாக வேட்டையாடி, குட்டிகளையும் கூட்டாகவே வளர்க்கின்றன. அதே காட்டில் புலி தனித்துத் திரிகிறது. ஆனால் மரத்தில் நகக்கீறலும் சிறுநீர் மணமும் விட்டு, அண்டை எல்லைப் புலிகளுக்குத் தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. உறவை அறுத்துக்கொண்ட தனிமை அல்ல அது.

யானைகளிடம் இந்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. பெண் யானைகளும் கன்றுகளும் மூத்த பெண் யானையின் வழிகாட்டலில் குடும்பமாக வாழ்கின்றன. ஆண் கன்று ஏறத்தாழ 10 முதல் 15 வயதுக்குள் விலகிச் செல்கிறது. விலகிய பிறகும் அதற்கு மூத்த ஆண்களின் அருகாமை வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் பூங்காவில் மூத்த ஆண்களே இல்லாமல் வளர்ந்த இளம் யானைகள் உரிய வயதுக்கு முன்பே மதம் கொண்டு, 1992 முதல் 1997 வரை 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் முதிர்ந்த 6 ஆண் யானைகள் அங்கே கொண்டுவந்து விடப்பட்டன. இளையவற்றின் மதம் அடங்கியது; காண்டாமிருகங்கள் சாவதும் நின்றது. தென்னிந்தியாவில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, வயல்கள் மிகுந்த பகுதிகளில் இளம் ஆண் யானைகள் தமக்குள் சேர்ந்து நீடித்த கூட்டம் அமைப்பதைப் பதிவு செய்தது. ஆபத்து மிகுந்த இடத்தில் அவை துணை தேடுகின்றன.

ஒற்றை யானை என்று ஊரார் சொல்லும் கொம்பனுக்கும் பழகிய தடங்களும் நீர்நிலைகளும் தெரிந்த யானைகளும் உண்டு. அதைப் பிடித்து வேறு காட்டுக்கு இடமாற்றம் செய்யும்போது இவை எல்லாம் ஒரே நாளில் அறுந்துபோகின்றன. யானையால் வீடிடிந்த மக்களின் துயரத்தோடு இந்த இழப்பும் எண்ணிப் பார்க்கப்பட வேண்டும். இடுக்கியின் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை பெரியாறு காட்டில் விடப்பட்டது. ஒரு மாதத்துக்குள் தேனி மாவட்டத்தின் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5 அன்று மீண்டும் பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. முன்பின் அறியாத யானைகளின் நடுவே அது புதிதாக வழி தேட வேண்டியிருந்தது.